'சோம்பேறிக் கண்': நன்றாகத் தெரியும் கண்ணை ஏன் மூடச் சொல்கிறார்கள்?

பாலர்பள்ளியில் கண் பரிசோதனை. ஐந்து வயதுச் சிறுமி. இரண்டு கண்களையும் திறந்திருக்கும்போது பலகையில் உள்ள படங்களைக் கடகடவென்று சொல்கிறாள். இடக் கண்ணை மூடினாலும் பிரச்சினை இல்லை. வலக் கண்ணை மூடியதும் திணறுகிறாள். மேலே உள்ள பெரிய படத்தைத் தவிர வேறெதையும் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்குக் கடிதம் வருகிறது. பெற்றோரால் நம்ப முடியவில்லை.

"வீட்டுல நல்லாத்தானே டிவி பாக்குறா? ஓடியாடி விளையாடுறா? ஒருநாள்கூட கண்ணு தெரியலன்னு சொன்னதே இல்லையே!"

கண் மருத்துவர் சொல்வது இன்னும் குழப்புகிறது. "நல்லா தெரியுற கண்ணை தினமும் 2 மணி நேரம் ஒட்டி மூடி வைங்க."

தெரியாத கண்ணுக்குத்தானே வைத்தியம் வேண்டும்? தெரியும் கண்ணை ஏன் மூட வேண்டும்? பல வீடுகளில் எழும் கேள்வி இது. இதற்கான பதில் கண்ணில் இல்லை, மூளையில் இருக்கிறது.

சோம்பேறிக் கண் என்றால் என்ன?

மருத்துவத்தில் இதன் பெயர் ஆம்பிளியோபியா. பேச்சு வழக்கில் 'லேஸி ஐ', சோம்பேறிக் கண். பெயர்தான் அப்படி. கண்ணும் சோம்பேறி இல்லை, பிள்ளையும் சோம்பேறி இல்லை.

குழந்தை பிறக்கும்போது கண்கள் தயாராக இருந்தாலும் பார்வை முழுமையாக இருக்காது. கண் அனுப்பும் தகவலைப் படமாகப் புரிந்துகொள்ள மூளை கற்றுக்கொள்ள வேண்டும். பிறந்தது முதல் ஏறக்குறைய 7, 8 வயது வரை அந்தப் பாடம் வேகமாக நடக்கிறது.

அந்தக் காலத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான படமும் மற்றொன்றிலிருந்து மங்கலான படமும் வந்தால் மூளை என்ன செய்யும்? தெளிவான படத்தை எடுத்துக்கொள்ளும். மங்கலான படத்தை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடும். நாளாக ஆக, அந்தக் கண்ணிலிருந்து வரும் தகவலைப் படிக்கவே மூளைக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

அதனால்தான் கண்ணாடி மாட்டிய உடனே இந்தக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. சாதாரணக் கிட்டப்பார்வை அப்படியல்ல. கண்ணாடி போட்ட நொடியே எல்லாம் தெளிவாகிவிடும். நம்மில் பலர் கண்ணாடி அணிந்தே வளர்ந்தவர்கள். "கண்ணுல பவர் இருக்கு, கண்ணாடி வாங்கினா சரியாயிடும்" என்று நினைப்பது இயல்பு. சோம்பேறிக் கண்ணுக்கு அது மட்டும் போதாமல் போகலாம்.

சிங்கப்பூரில் பாலர்பள்ளி வயதுச் சீனப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இது இருப்பது தெரியவந்தது. மற்ற நாடுகளில் நடந்த பல ஆய்வுகள் 100 பேரில் 2, 3 பேர் வரை என்கின்றன.

மூளை ஏன் ஒரு கண்ணை ஒதுக்குகிறது?

முக்கியமாக மூன்று காரணங்கள்.

• இரண்டு கண்களுக்கும் பவர் வித்தியாசம்: ஒரு கண்ணில் பவர் குறைவு, மற்றொன்றில் அதிகம். தூரப்பார்வையாகவோ கிட்டப்பார்வையாகவோ அஸ்டிக்மாட்டிசமாகவோ இருக்கலாம். சில பிள்ளைகளுக்கு இரண்டு கண்களிலும் பவர் மிக அதிகமாக இருந்து இரண்டுமே பாதிக்கப்படுவதும் உண்டு.

• மாறுகண்: இரண்டு கண்களும் ஒரே இடத்தைப் பார்க்காமல் ஒன்று உள்ளேயோ வெளியேயோ விலகியிருக்கும். இரண்டு வேறு படங்கள் வந்தால் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய வேண்டும். அதைத் தவிர்க்க மூளை ஒரு கண்ணை அணைத்துவிடுகிறது.

• வெளிச்சத்தை மறைக்கும் தடை: பிறவியிலேயே கண்புரை, அல்லது கண்ணின் நடுப்பகுதியை மறைக்கும் அளவுக்குத் தொங்கும் இமை. இது மற்ற இரண்டையும்விட அரிது. ஆனால் பாதிப்பு கடுமையானது, சிகிச்சையும் மிகச் சீக்கிரம் தேவைப்படும்.

பெற்றோருக்கு ஏன் தெரிவதில்லை?

மாறுகண் என்றால் பார்த்தாலே தெரியும். பவர் வித்தியாசம் அப்படியில்லை. கண் பார்க்க அழகாக, நேராக இருக்கும். ஒரு கண் நன்றாக வேலை செய்வதால் பிள்ளையின் அன்றாடத்தில் எந்தக் குறையும் தெரியாது.

பிள்ளையும் சொல்லாது. பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகியதால், எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்றே அது நினைக்கும்.

சில அறிகுறிகளைக் கவனிக்கலாம்: தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பது, ஒரு கண்ணைச் சுருக்கியோ மூடியோ பார்ப்பது, படிக்கட்டில் அடிக்கடி தடுமாறுவது, பந்தைப் பிடிக்கத் திணறுவது, ஒரு குறிப்பிட்ட கண்ணை மூடினால் மட்டும் சிணுங்குவது. இவை எதுவுமே இல்லாமலும் சோம்பேறிக் கண் இருக்கலாம். அதனால்தான் பள்ளிப் பரிசோதனை முக்கியம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. படம் எடுக்கும்போது பிள்ளையின் கருவிழியின் நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அது கண்புரையாக இருக்கலாம். அரிதாகக் கண்ணில் வரும் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

முதல் படி: கண்ணாடி

சிகிச்சை பெரும்பாலும் பட்டையில் தொடங்குவதில்லை, கண்ணாடியில்தான் தொடங்குகிறது. மூளைக்கு முதலில் ஒரு தெளிவான படம் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

இரண்டு கண்களுக்கும் பவர் வித்தியாசம் உள்ள 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 84 பிள்ளைகளுக்குக் கண்ணாடி மட்டும் கொடுத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2006இல் முடிவுகள் வெளிவந்தன. 4 பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமானோருக்குப் பட்டையே தேவைப்படவில்லை. கண்ணாடியிலேயே சரியாகிவிட்டது. இன்னும் பலருக்குப் பார்வை ஓரளவு மேம்பட்டது.

ஆனால் கண்ணாடியை நாள் முழுக்க அணிய வேண்டும். பள்ளிக்கு மட்டும், படிக்கும்போது மட்டும் என்றால் பயனில்லை. சில வாரம், சில மாதம் பார்த்துவிட்டு, முன்னேற்றம் நின்றுபோனால் மருத்துவர் அடுத்த படிக்குப் போவார்.

அடுத்த படி: நல்ல கண்ணை மூடுவது

வழி எளிதானது. மூளைக்குப் பிடித்த கண்ணைச் சில மணி நேரம் மூடிவிட்டால், ஒதுக்கிய கண்ணைப் பயன்படுத்துவதைத் தவிர மூளைக்கு வேறு வழியில்லை. பயன்படுத்தப் பயன்படுத்த, விட்டுப்போன பாடத்தை அது கற்றுக்கொள்கிறது.

இது புதிய யோசனை இல்லை. பிரெஞ்சு அறிஞர் புஃபோன், நல்ல கண்ணை மூடும் இந்த முறையை 1743லேயே எழுதிவைத்தார். அது ஏன் பலன் தருகிறது என்பது 200 ஆண்டுக்குப் பிறகுதான் விளங்கத் தொடங்கியது. 1960களில் டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இரு ஆய்வாளர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து வளர்த்தனர். பிறகு கண்ணைத் திறந்தபோது கண்ணில் பெரிய கோளாறு இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் பெரும்பாலான உயிரணுக்கள் அந்தக் கண்ணுக்குப் பதில் தருவதையே நிறுத்தியிருந்தன. வளர்ந்த பூனைகளிடம் அப்படி நடக்கவில்லை. மூளையின் பார்வை அமைப்பு பற்றிய ஆராய்ச்சிக்காக இருவருக்கும் 1981இல் நோபெல் பரிசு கிடைத்தது.

எத்தனை மணி நேரம்?

முன்பெல்லாம் நாள் முழுக்க மூடிவைக்கச் சொல்வது வழக்கம். இப்போது அப்படியில்லை. அமெரிக்காவில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2003இல் வந்தது.

நடுத்தரப் பாதிப்பு உள்ள 189 பிள்ளைகளில் ஒரு பிரிவினர் தினமும் 2 மணி நேரமும், மற்றவர்கள் 6 மணி நேரமும் பட்டை அணிந்தனர். 4 மாதத்துக்குப் பிறகு இரண்டு பிரிவிலும் முன்னேற்றம் ஒரே மாதிரி இருந்தது. பரிசோதனைப் பலகையில் சராசரியாக 2 வரிக்கும் சற்று அதிகம்.

நடுத்தரப் பாதிப்பு என்றால்? பலகையில் 6/12 முதல் 6/24 வரை. மற்றவர்கள் 12 மீட்டர் தூரத்தில் படிப்பதை 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்பது 6/12இன் பொருள்.

பாதிப்பு கடுமையாக இருந்த பிள்ளைகளிடமும் இதேபோல் பார்த்தார்கள். தினமும் 6 மணி நேரம் மூடியதும், விழித்திருக்கும் நேரமெல்லாம் மூடியதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன.

அதற்காக நீங்களே நேரத்தைத் தீர்மானிக்க வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் என்பதை மருத்துவர் சொல்வார். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அதைக் கூட்டலாம், குறைக்கலாம்.

'வயசு தாண்டிடுச்சு, இனி பயனில்லை'யா?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். சோம்பேறிக் கண்ணைப் பொறுத்தவரை அது பாதி உண்மை.

7 வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அதில் சந்தேகமில்லை. ஆனால் 7 வயது தாண்டியதும் கதவு சாத்தப்பட்டுவிடாது. 7 முதல் 17 வயது வரை உள்ள 507 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2005இல் வெளிவந்தது.

• 7 முதல் 12 வயது வரை: கண்ணாடியோடு பட்டையும் சொட்டு மருந்தும் பயன்படுத்தியோரில் 53 விழுக்காட்டினருக்குப் பார்வை 2 வரியோ அதற்கு மேலோ மேம்பட்டது. கண்ணாடி மட்டும் அணிந்தோரில் 25 விழுக்காடு.

• 13 முதல் 17 வயது வரை: மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதற்குமுன் சிகிச்சையே பெறாதவர்களில், பட்டை அணிந்த 47 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. கண்ணாடி மட்டும் அணிந்தோரில் 20 விழுக்காடு.

ஆகவே தொடக்கநிலை 3இல் கண்டுபிடித்தாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. தொடக்கநிலை 3 வரை காத்திருக்கலாம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உண்மையான போராட்டம் வீட்டில்தான்

மருத்துவமனையில் எல்லாம் எளிதாகத் தெரியும். வீட்டுக்கு வந்து பட்டையை ஒட்டியதும் பிள்ளைக்கு உலகமே மங்கிவிடுகிறது. அழும். பிய்த்து எறியும். பட்டைக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியே நல்ல கண்ணால் எட்டிப் பார்க்கும்.

அப்பா, அம்மா வேலைக்குப் போனபின் பிள்ளை பாட்டியிடமோ பணிப்பெண்ணிடமோ இருக்கும். பிள்ளை அழுதால் பாட்டிக்கு மனம் கேட்குமா? "பாவம், புள்ள ரொம்ப அழுவுது. கொஞ்ச நேரம் கழட்டி வைப்போமே." அன்பில் செய்வதுதான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரங்கள் சேர்ந்து சிகிச்சையையே தின்றுவிடும்.

பட்டை எவ்வளவு நேரம் கண்ணில் இருந்தது என்பதைக் கருவி வைத்து அளந்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவர் சொன்ன நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே பிள்ளைகள் அதை அணிந்திருந்தார்கள். அணிந்த நேரம் கூடக் கூடப் பார்வையும் கூடியது. பட்டை பலன் தரவில்லை என்று நினைக்கும் பல வீடுகளில், அது போதுமான நேரம் கண்ணில் இருந்திருக்கவே மாட்டாது.

என்ன செய்யலாம்?

• ஒரே நேரம்: தினமும் குளித்து முடித்ததும், மாலைப் பலகாரத்துக்குப் பிறகு என ஒரு நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். பல் துலக்குவதுபோல் அது பழக்கமாகட்டும்.

• பிடித்த வேலை: வண்ணம் தீட்டுவது, மணி கோப்பது, லெகோ, கதைப் புத்தகம், டிவி. பட்டை போட்டிருக்கும்போது கிட்ட வைத்துச் செய்யும் வேலைதான் செய்ய வேண்டுமா என்று 2008இல் வெளிவந்த ஆய்வு பார்த்தது. மற்ற வேலைகளைவிட அதனால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. பிள்ளை கண்ணைத் திறந்து எதையாவது ஆர்வமாகப் பார்த்தால் போதும். தூங்கும் நேரம் கணக்கில் வராது.

• தோலில் ஒட்டுங்கள்: பிளாஸ்டர்போல் முகத்தில் நேராக ஒட்டும் பட்டைதான் நல்லது. அதன்மேல் கண்ணாடி. கடற்கொள்ளையர் மாதிரி நாடா கட்டிய கறுப்புப் பட்டையில் எட்டிப் பார்ப்பது மிகச் சுலபம்.

• ஒட்டும் வில்லையும் நாள்காட்டியும்: பட்டை போட்ட ஒவ்வொரு நாளும் நாள்காட்டியில் ஒரு ஸ்டிக்கர். நெதர்லாந்தில் பிள்ளைகளுக்கே புரியும் படக்கதையும் ஸ்டிக்கர்களும் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் பட்டை அணிந்த நேரம் கூடியது. காரணத்தைப் பெற்றோருக்கு மட்டுமல்ல, பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

• எல்லாரிடமும் சொல்லுங்கள்: பாட்டி, தாத்தா, பணிப்பெண், ஆசிரியர். "பட்டையை ஒட்டுங்கள்" என்று மட்டும் சொல்லாமல் ஏன் என்பதையும் சொல்லுங்கள். முடிந்தால் பாட்டியை ஒருமுறை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நல்ல கண்ணை மூடிவிட்டுப் பேரப்பிள்ளை படிக்கத் திணறுவதை நேரில் பார்த்தால் பாட்டியே காவலாகிவிடுவார்.

• பாதுகாப்பு: பட்டை போட்டிருக்கும் நேரத்தில் பிள்ளை பலவீனமான கண்ணால்தான் பார்க்கிறது. சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சைக்கிள், விளையாட்டுத் திடல் ஏணி, நீச்சல் எல்லாம் பட்டையைக் கழற்றிய பிறகு.

• தோல் சிவந்தால்: நம் வெயிலில் வியர்த்து அரிக்கும். குளிக்கும்போது வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெல்ல உரியுங்கள். ஒட்டும் கோணத்தைத் தினமும் கொஞ்சம் மாற்றலாம். புண்ணானால் மருத்துவரிடம் வேறு வகைப் பட்டை கேளுங்கள்.

பட்டைக்குப் பதில் சொட்டு மருந்து?

உண்டு. அட்ரோபின். நல்ல கண்ணில் விட்டால் அதன் கிட்டத்துப் பார்வை தற்காலிகமாக மங்கும். மூளை மற்ற கண்ணைப் பயன்படுத்தத் தொடங்கும். நடுத்தரப் பாதிப்பு உள்ள 419 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் பட்டையும் சொட்டு மருந்தும் 6 மாதத்தில் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. அந்த முடிவு 2002இல் வெளிவந்தது. பட்டையை ஒட்டவே விடாத பிள்ளைகளுக்கு இது நல்ல மாற்று. வெளிச்சத்தில் கண் கூசும் என்பதால் தொப்பி தேவைப்படலாம்.

சிங்கப்பூர்ப் பெற்றோர் இங்கே குழம்பக்கூடும். கிட்டப்பார்வை கூடாமல் தடுக்கவும் அட்ரோபின் கொடுக்கிறார்கள். அது பற்றிய முக்கிய ஆய்வுகள் இங்கேதான் நடந்தன. ஆனால் அதற்கு 0.01 விழுக்காடு போன்ற குறைந்த அளவு, பெரும்பாலும் இரண்டு கண்களிலும். சோம்பேறிக் கண்ணுக்குப் பொதுவாக 1 விழுக்காடு, நல்ல கண்ணில் மட்டும். மருந்தின் பெயர் ஒன்று என்பதற்காக அண்ணன் பாட்டிலைத் தங்கைக்கு விட்டுவிடாதீர்கள்.

அண்மையில் மின்னிலக்கச் சிகிச்சைகளும் வந்துள்ளன. தலையில் மாட்டும் சாதனத்தில் காணொளியை இரண்டு கண்களுக்கும் வெவ்வேறு விதமாகக் காட்டி, இரண்டையும் சேர்ந்து வேலை செய்யவைக்கும் முறைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் அனுமதி கொடுத்தது. கடையில் கிடைக்கும் சாதாரண விளையாட்டுச் செயலிகள் அதற்கு ஈடாகாது.

எப்போது நிறுத்துவது?

மருத்துவர் சொல்லும்போது. அதுவும் பெரும்பாலும் படிப்படியாக.

பார்வை சரியாகிவிட்டது என்று நிறுத்திய பிறகு, ஏறக்குறைய 4 பேரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் குறையலாம் என்று ஆய்வு காட்டுகிறது. தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்துவிட்டுச் சட்டென்று நிறுத்தியவர்களிடம் இது அதிகம்.

மருத்துவர் சொன்னதைவிட அதிக நேரம் மூடுவதும் சரியல்ல. அரிதாக, மூடிய நல்ல கண்ணின் பார்வையே குறையலாம். குறித்த தேதியில் மறுபரிசோதனைக்குப் போகச் சொல்வது அதனால்தான். பிள்ளை எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்றாலோ கண் புதிதாக விலகுவதுபோல் தெரிந்தாலோ தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

கேள்விப்படும் கதைகள்

"மாறுகண் அதிர்ஷ்டம், அப்படியே விட்டுடு." நம் வீடுகளில் பெரியவர்கள் ஆசையாகச் சொல்வது. சில மாதக் குழந்தைக்குக் கண் அவ்வப்போது விலகுவது இயல்பு. 4 மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"பொன்னாங்கண்ணிக் கீரை கொடு, சரியாயிடும்." கீரை நல்லதுதான். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் மூளை ஒதுக்கிவைத்த கண்ணைக் கீரையால் மீட்க முடியாது.

"மாறுகண்ணுக்கு ஆப்பரேஷன் செஞ்சா எல்லாம் சரி." அறுவை சிகிச்சை கண்ணை நேராக்கும். பார்வையை மீட்கக் கண்ணாடியும் பட்டையும் அப்போதும் தேவைப்படலாம்.

"ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு, போதாதா?" இதுதான் ஆபத்தான கேள்வி. இரண்டு கண்களும் சேர்ந்தால்தான் தூரமும் ஆழமும் துல்லியமாகத் தெரியும். நல்ல கண்ணுக்குப் பின்னாளில் விபத்தோ நோயோ வந்தால் துணைக்கு மற்றொரு கண் வேண்டும். 40 வயதில் அதைத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

எங்கே காட்டுவது?

பாலர்பள்ளிகளிலும் தொடக்கப்பள்ளிகளிலும் பார்வைப் பரிசோதனை நடக்கிறது. அந்த நாளில் பிள்ளை விடுப்பில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். பிறந்தபோது கொடுக்கப்பட்ட சுகாதாரக் கையேட்டில் உள்ள வளர்ச்சிப் பரிசோதனைகளில் கண்ணும் அடங்கும். 4 முதல் 6 வயதுக்குள் வரும் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுச் சென்றால் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணம் உண்டு. சிங்கப்பூர் தேசியக் கண் நிலையம், கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றில் சிறுவர் கண் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன.

அதற்குமுன் வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். பிள்ளை பிடித்த கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது விளையாட்டாக ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். பிறகு மற்றொன்றை. ஒரு கண்ணை மூடும்போது மட்டும் உங்கள் கையைத் தட்டிவிட்டால் நாளைக்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டிவிடவில்லை என்றாலும் பள்ளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அது உங்கள் உள்ளங்கையைவிடத் துல்லியமானது.